ஒன்று விட்டு ஒரு முறை ஃபில்டர் மாற்றினால் போதுமா?

"ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். ஃபில்டரை ஒன்று விட்டு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற காகிதம் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. ஒவ்வொரு தடவையும் புது ஃபில்டர் வாங்குவது கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட பயம்." காரின் ஆயில் ஃபில்டரைப் பற்றி, அதாவது இன்ஜின் ஆயிலை வடிகட்டுகிற டப்பாவைப் பற்றி, இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார். பதில் நீண்டுவிட்டதால் தனி இழையாகப் போடுகிறேன்.

ஜனவரி 6, இரவு

முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பழைய கார்கள் சிலவற்றின் கையேட்டிலேயே அப்படித்தான் இருந்தது. சில ஹோண்டா கார்களில் பராமரிப்பு நேரம் வந்தால் மீட்டர் பலகையில் ஓர் எழுத்து வரும். ஏ என்றால் ஆயில் மட்டும், பி என்றால் ஆயிலோடு ஃபில்டரும். ஆக, இது யாரோ கஞ்சன் கண்டுபிடித்த வழி இல்லை.

ஆனால் அன்றைய கணக்கைப் பாருங்கள். 5,000 கிலோமீட்டர் வாக்கில் ஆயில் மாற்றிய காலத்தில் ஒன்று விட்டு ஒன்று என்றால் ஃபில்டருக்கு 10,000. இன்று ஆயில் மாற்றும் இடைவெளியே பல கார்களில் 10,000 அல்லது ஒரு வருடம். அதிலும் ஒன்று விட்டு ஒன்று என்றால் 20,000, இரண்டு வருடம். சொல் அதேதான், தூரம் இரட்டிப்பு.

பழைய ஃபில்டருக்குள் தேங்கி நிற்கிற கறுப்பு ஆயில் புது ஆயிலைக் கெடுத்துவிடும் என்றும் சொல்வார்கள். சின்ன கார் ஃபில்டரில் சுமார் 200 மில்லி நிற்கும். நாலு லிட்டர் பிடிக்கிற இன்ஜினில் அது 5 சதவீதம். அதற்காக நான் தூக்கம் கெட மாட்டேன். காகிதமும் உடனே அடைத்துவிடாது, அதுவும் சரி. எனக்குப் பயம் காகிதத்தைப் பற்றி இல்லை, ரப்பரைப் பற்றி. வெளியே தெரிகிற, கசியாமல் அடைக்கிற வளையமான கேஸ்கட் ஒன்று, உள்ளே மறைந்திருக்கிற வால்வு ஒன்று. இரண்டும் 100 டிகிரி சூட்டிலேயே குடியிருக்கின்றன. காகிதம் அடைபடுவதற்கு முன்னால் ரப்பர் விறைத்துவிடும்.

கையேடு சொல்வதைச் செய்யுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறவன். காருக்கடியில் படுத்தாயிற்று, கையில் கரி ஆயிற்று, அப்புறம் இதை மட்டும் எதற்கு விட்டுவைக்க?

ஜனவரி 7

பெட்ரோலில் கழுவி, காயவைத்து மறுபடி போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். கம்பி வலை வைத்த, கழுவிப் போடுவதற்கென்றே செய்த ஃபில்டர் தனி. சாதாரணக் காரில் இருப்பது மடிப்பு மடிப்பாக ஒட்டிய காகிதம். கழுவினால் அழுக்கு வெளியே வராது, உள்பக்கம் இறங்கும். அடுத்த ஸ்டார்ட்டில் அது நேரே இன்ஜினுக்குள் தண்டைத் தாங்குகிற பேரிங்குக்குப் போகும்.

ஜனவரி 9

அடிப்படையையே நிறைய பேர் கேட்பதால் இது.

புது ஃபில்டரை மாட்டுவதற்கு முன் திருப்பிப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை. அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பம்பு தள்ளுகிற ஆயில் அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே போய், காகிதத்தை வெளிப்பக்கமிருந்து உள்பக்கமாகக் கடந்து, நடு ஓட்டை வழியாகச் சுத்தமாகத் திரும்பி வருகிறது. அழுக்கு முழுக்க காகிதத்தின் வெளிமடிப்பில் நின்றுவிடும்.

சின்ன ஓட்டை ஒன்றில் ஒரு குச்சியை மெல்ல அழுத்துங்கள். மெத்தென்று எதுவோ நகரும். அதுதான் நான் சொன்ன உள் ரப்பர். இன்ஜினை அணைத்த பிறகு ஆயில் பின்பக்கமாக வடிந்துவிடாமல் தடுக்கிற மூடி. சில ஃபில்டரில் கறுப்பாக இருக்கும், சிலதில் ஆரஞ்சு நிறத்தில் சிலிக்கோன் இருக்கும். சிலிக்கோன் சூட்டை அதிகம் தாங்கும்.

இன்னொரு வால்வும் உண்டு, ஸ்பிரிங் வைத்தது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதோ காகிதம் அடைத்துப் போயிருக்கும்போதோ அது திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே உள்ளே விடும். பேரிங்குக்கு அழுக்கு ஆயிலாவது கிடைக்கட்டும், ஒன்றுமே இல்லாமல் காய்வதைவிட அது மேல் என்பதுதான் நியாயம். அதனால் "ஃபில்டர் அடைத்தால் வண்டி நின்றுவிடுமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்க முடியாது. வண்டி நிற்காது. சத்தமில்லாமல் அழுக்கு ஆயிலில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜனவரி 10, காலை

மாற்றும் முறை. காணொளி ஆயிரம் கிடக்கிறது. அதில் ஓட்டிவிட்டுப் போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், தரையில் நிற்கிற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். இதில் பேச்சே கிடையாது.

இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்குங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். நீண்ட பயணம் போய் வந்த கையோடு, அடியில் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டைத் திறந்தால் முழங்கை வரைக்கும் வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றிவிட்டால் சீராக வடியும். போல்ட்டின் கடைசிச் சுற்றில் அதை உள்பக்கமாக அழுத்தியபடியே திருகி, மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் போல்ட் ஆயிலுக்குள் விழும், அப்புறம் கறுப்புக் குளத்தில் மீன் பிடிக்க வேண்டியதுதான்.

டிரெயின் போல்ட்டுக்குச் செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். அது ஒரு முறை நசுங்கினால் வேலை முடிந்தது, ஒவ்வொரு தடவையும் புதிது. பழைய வாஷரில் கசிகிறதே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்குகிறவர்கள்தான் சேம்பரின், அதாவது ஆயில் தேங்குகிற அடித்தொட்டியின், மரையைத் தின்கிறார்கள். பல கார்களில் சேம்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. யார் தோற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்கு மரை கழன்றாலும் சேம்பருக்குக் கழலக் கூடாது.

ஜனவரி 10, மதியம்

இந்த இழையில் ஒன்றே ஒன்றைப் படிப்பவர்கள் இதைப் படியுங்கள்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயைப் பாருங்கள். கேஸ்கட் இருக்கிறதா? கறுப்பு ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்திருக்க வேண்டும். வெறும் தகரப் பள்ளம் மட்டும் தெரிந்தால், வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு கேஸ்கட் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். கையால் இறுக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும், வளையம் பிதுங்கும், சில நிமிடங்களில் இன்ஜினின் ஆயில் முழுக்கத் தரையில் இருக்கும்.

கண்ணுக்கு எட்டாத இடம் என்றால் விரலால் தடவுங்கள். இன்ஜின் பக்கத்து முகம் வழவழவென்று வெறும் உலோகமாக இருக்க வேண்டும். விளிம்பு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் நகத்தால் நெம்பி எடுங்கள். அப்புறம் நூல் பிரியாத துணியால் ஒரு துடைப்பு. புது கேஸ்கட்டில் விரலால் புது ஆயிலைத் தடவுங்கள். உலர்ந்த ரப்பர் சுற்றும்போது முகத்தோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், பிறகு கழற்றும்போது கிழியும் அல்லது ஒட்டிக்கொள்ளும். இந்த முறை தடவாமல் விட்டதன் வினை அடுத்த முறை கழற்றும்போதுதான் தெரியும்.

இனி இறுக்கம். கேஸ்கட் முகத்தைத் தொடுகிற இடத்தில் கைக்கு ஒரு தடை தெரியும். அங்கிருந்து முக்கால் சுற்று. சில ஃபில்டரில் அரைச் சுற்று, சிலதில் ஒரு சுற்று, டப்பாவிலேயே படம் போட்டிருப்பார்கள். சில ஃபில்டரின் உடம்பிலேயே 1, 2, 3, 4 என்று நாலு பக்கமும் எண் இருக்கும். தொட்ட நேரத்தில் 1 உங்களைப் பார்த்து நின்றால், முக்கால் சுற்றில் 4 வந்து நிற்கும். எண் இல்லையென்றால் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. கையால் மட்டும். கருவி கழற்றுவதற்கு, மாட்டுவதற்கு இல்லை.

ஜனவரி 11

"கையால் இறுக்கினால் கழன்று விழாதா?" விழாது. பிடித்துவைப்பது நம் தோள் பலம் இல்லை, நசுங்கிய ரப்பரின் எதிர்விசை. முன்பு நான் வண்டி விட்ட ஒரு பட்டறையில் பையன் ரெஞ்சைப் போட்டு ஃபில்டரை முறுக்கி அனுப்பியிருந்தான். அடுத்த முறை நானே மாற்ற உட்கார்ந்தபோது அது அசையவே இல்லை. பட்டை போட்டு இழுத்தேன், தகரம் ஒடுங்கியது. மூன்று கால் வைத்த பிடி வாங்கி வந்து, அதை ராட்செட்டில் மாட்டித் திருகிய பிறகுதான் டப்பென்று விட்டது. பழைய கேஸ்கட்டைப் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, முகத்தின் கோடுகள் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன.

ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தித் திருகுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மெல்லிய தகரம் அது. திருகினால் டப்பா மட்டும் கிழிந்து, அடித்தட்டு இன்ஜினில் தங்கிவிடும். அதற்கப்புறம் உளியும் சுத்தியலும்தான்.

ஜனவரி 14

புது ஃபில்டருக்குள் ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டு மாட்ட வேண்டுமா? இதில் எனக்கே மனம் மாறியிருக்கிறது. வாய் மேலே பார்த்து நிற்கிற ஃபில்டர் என்றால் பாதி நிரப்பித்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். பேரிங் காயாதே என்ற நினைப்பு. இப்போது விட்டுவிட்டேன். நாம் ஊற்றும்போது கை தன்னால் நடு ஓட்டைக்குத்தான் போகும். அது சுத்தமான பக்கம். புனலில் இருந்த தூசி, கேன் வாயில் ஒட்டியிருந்த துணுக்கு எல்லாம் காகிதத்தைக் கடக்காமலே இன்ஜினுக்குள் போய்விடும். சில டீசல் இன்ஜின் கம்பெனிகள் இதனாலேயே நிரப்ப வேண்டாம் என்கின்றன. படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டுகிற ஃபில்டரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, கொட்டிவிடும்.

நிரப்பாமல் மாட்டினால் ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு ஆயில் விளக்கு வழக்கத்தைவிடச் சில நொடி கூடுதலாக எரியும், பிறகு அணையும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். பத்து நொடி தாண்டியும் எரிந்தால் உடனே அணைத்துவிட்டு அடியில் பாருங்கள்.

ஜனவரி 14, கொஞ்சம் கழித்து

விளக்கு அணைந்ததும் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஓடும்போதே டார்ச் அடித்து ஃபில்டர் ஓரத்தைப் பாருங்கள். பிறகு அணைத்து, சமதரையில் ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஃபில்டர் குடித்த அளவு குறைந்திருக்கும், அதை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். அளவு ரொம்ப ஏறினால் சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரையைப் பம்பு சரியாகத் தள்ளாது.

ஜனவரி 19

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம், பகலில் இல்லை என்று ஒருவர். இன்ஜின் போயிற்று என்று யாரோ அவரைப் பயமுறுத்திவிட்டார்கள். ஃபில்டர் படுக்கையாக இருக்கிற வண்டியா என்று கேட்டேன், ஆமாம் என்றார். 6-ம் தேதி நான் ரப்பர் ரப்பர் என்று புலம்பியது இதைத்தான். உள் மூடி விறைத்துவிட்டால் இரவெல்லாம் ஆயில் வடிந்து ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் பம்பு முதலில் ஃபில்டரை நிரப்பி, அப்புறம்தான் மேலே அனுப்ப வேண்டும். அதுவரைக்கும் இன்ஜினின் செயினும், வால்வுகளைத் தள்ளுகிற டேப்பெட்டும் காய்ந்து அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஒரு நல்ல ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள். இருப்பதிலேயே மலிவான சோதனை அதுதான்.

ஜனவரி 23

"என் ஃபில்டர் கிடைக்கவில்லை, அதே சைஸில் வேறு வண்டியுடையது கையால் நன்றாக ஏறுகிறது, போடலாமா?"

ஏறுகிறது என்பது எதற்கும் சாட்சி இல்லை. சில வண்டியில் மரை 20 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. சிலதில் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 16 மரை, இடைவெளி கிட்டத்தட்ட 1.59. முக்கால் அங்குலத் தண்டில் 20 மில்லிமீட்டர் ஃபில்டர் லேசாக ஆடிக்கொண்டே ஏறிவிடும், இறுகவும் இறுகும். மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். குளிர்ந்த ஆயிலில் அழுத்தம் எகிறும் நேரத்தில் பிய்த்துக்கொண்டு போகும்.

மரை பொருந்தினாலும் விஷயம் முடியவில்லை. கேஸ்கட்டின் விட்டம் வேறாக இருக்கலாம். முன்பு சொன்ன ஸ்பிரிங் வால்வு சில இன்ஜினில் அதன் உடம்பான பிளாக்கிலேயே இருக்கும், அதற்கான ஃபில்டரில் இருக்காது. அதைக் கொண்டுபோய் பிளாக்கில் வால்வு இல்லாத இன்ஜினில் போட்டால், காகிதம் அடைத்த நாளில் ஆயிலுக்குப் போக வழியே இல்லை. பார்த்தால் இரண்டும் அச்சு அசல். பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

எந்தப் பிராண்டு நல்லது என்ற சண்டையில் நான் இறங்குவதாக இல்லை. டப்பாவில் "99 சதவீதம்" அழுக்கைப் பிடிக்கும் என்று போட்டிருந்தால், எத்தனை மைக்ரான் அளவுத் துகளில் என்று மட்டும் பாருங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி சுமார் 70 மைக்ரான். 20 மைக்ரானில் 99 என்பது நல்ல எண். 40-இல் 99 என்பது வேறு கதை. மைக்ரானே போடாமல் 99 என்றால் விளம்பரம். இந்தச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 4548-12 என்று ஒரு தரமுறையே இருக்கிறது.

ஜனவரி 24

இழை எங்கெங்கோ போகிறது, நானும் கொஞ்சம் போகிறேன். ஆரம்பகாலக் கார்களில் ஃபில்டரே கிடையாது, கம்பி வலையோடு சரி. 1923-இல் அமெரிக்காவில் ஸ்வீட்லேண்ட், கிரீன்ஹால்ஃப் என்ற இருவர் பியூரொலேட்டர் என்ற ஃபில்டரை உருவாக்கினார்கள். அந்தக் கால ஃபில்டர்களில் ஆயிலில் ஒரு பகுதி மட்டுமே வடியும், மற்றது வடிகட்டாமலே சுற்றும். இப்போதுள்ள மாதிரி டப்பாவோடு திருகி மாட்டுகிற ஃபில்டரை விக்ஸ் கம்பெனி 1954-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் நிரந்தரக் கூட்டுக்குள் சக்கையை, அதாவது வடிகட்டுகிற உள்பகுதியை, மட்டும் மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்று பல புது கார்களில் மறுபடியும் அதே கூடு, அதே சக்கை. தகரக் குப்பை மிச்சம் என்கிறார்கள்.

ஜனவரி 28

அந்தக் கூடு வகை பற்றி மச்சான் கேட்டதை இங்கேயும் போடுகிறேன். அவர் டீசல் வண்டிக்காரர்.

மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் தலையிலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள், வேறு எண் இருந்தால் அது. 25 செ.மீ. கைப்பிடி நுனியில் பத்து கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் மூடியில் வெடிப்பு விடும், இன்றைக்கே தெரியாது, ஒரு வாரம் கழித்து ஆயில் கசியும். முக்கால் சுற்று விதி இதற்குப் பொருந்தாது. மூடி தன் இருக்கையில் போய் முட்டி நிற்கும்.

மூடியைச் சுற்றி இருக்கிற ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதைப் பழையதைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் இரண்டு மூன்று பள்ளம் இருக்கும், தப்பான பள்ளத்திலும் அது ஒழுங்காக உட்காரும், ஆனால் அடைக்காது. பழைய சக்கையை எடுத்ததும் அதன் அடி மூடி பிய்ந்து கூட்டுக்குள் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

மச்சானின் இன்னொரு கவலை: "மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டது, ஃபில்டர் போலியோ?" டீசலில் அது இயல்பு. புகைக்கரி ஒரு மைக்ரானுக்கும் குறைவு, எந்தக் காகிதமும் அதைப் பிடிக்காது. ஆயிலில் கலந்த மருந்து அந்தக் கரியைத் திரளவிடாமல் மிதக்கவைக்கிறது. கறுப்பு என்றால் ஆயில் வேலை செய்கிறது என்று அர்த்தம். பால்காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், தண்ணீர் கலந்திருக்கிறது.

பிப்ரவரி 2

பழைய ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது வேண்டாத வேலை என்று ஒருவர் கேலி செய்கிறார். இருக்கட்டும். எனக்கு அது ரத்தப் பரிசோதனை மாதிரி. ரம்பத்தால் அறுக்காதீர்கள், ரம்பத்தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். டப்பா திறப்பான் மாதிரி சுற்றி வெட்டுகிற கருவி உண்டு. காகிதத்தைக் கத்தியால் இரண்டு ஓரமும் வெட்டி, பிழிந்து, வெள்ளைத் தாளில் விரித்து வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றும் ஒரு மினுக்கு இருக்கும், புது இன்ஜினில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், பதற வேண்டாம். நகத்தில் நெருடுகிற அளவு செதில் வந்தால் விஷயம் வேறு. காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மின்னினால் அநேகமாகப் பேரிங். அப்போது ஃபில்டர் இழையை மூடிவிட்டு நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள்.

பிப்ரவரி 3

கேலி செய்தவரே தன் ஃபில்டரை வெட்டிவிட்டு, மடிப்புக்குள் இருக்கிற கறுப்புக் கூழ் என்ன என்று கேட்டிருக்கிறார். கரியும் பழைய ஆயிலும்தான். நகத்தில் நெருடவில்லை என்கிறீர்கள், அப்படியானால் ஒன்றுமில்லை. வெறுங்கையால் பிசையாதீர்கள். பழைய இன்ஜின் ஆயில் தோலில் வருடக்கணக்கில் பட்டுக்கொண்டே இருப்பது புற்றுநோய் வரை போகும், கையுறை போடுங்கள்.

பிப்ரவரி 8

பழைய ஆயிலையும் ஃபில்டரையும் என்ன செய்வது? சாக்கடை, மண், செடி, கரையான் மருந்து எதுவும் கிடையாது. புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடிவைத்து, பழைய ஆயில் எடுக்கிற இடத்தில் கொடுங்கள். அதில் பிரேக் ஆயிலையோ கூலன்ட்டையோ கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். ஃபில்டரைச் சூடு ஆறும் முன் தலைப்பக்கம் ஓர் ஓட்டை குத்தி, ஒரு நாள் கவிழ்த்துவைத்தால் நிறைய வடியும்.

பிப்ரவரி 15

ஒன்று விட்டு ஒரு முறை போதும் என்று எழுதி இந்த இழைக்குக் காரணமானவர் வந்திருக்கிறார். அவர் கையேட்டில் ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொல்லித்தான் போட்டிருக்கிறதாம். ஆனாலும் காகிதம் அடைக்காது என்ற தன் வாதத்தை விடமாட்டாராம். விட வேண்டாம் அண்ணே, அதில் நானும் உங்கள் கட்சிதான். வாதம் உங்களிடமே இருக்கட்டும், ஃபில்டரை மட்டும் மாற்றிவிடுங்கள். படுக்கை ஃபில்டர் என்று வேறு சொல்கிறீர்கள், ஆரஞ்சு ரப்பர் உள்ளதாகப் பாருங்கள். அடியில் துணி போட்டுவிட்டுக் கழற்றுங்கள், படுக்கையில் இருப்பது கழலும்போதே, அடியில் குறுக்கே போகிற கிராஸ் மெம்பர் சட்டம் முழுக்கக் கொட்டும்.